கூட்டல் கழித்தல் புள்ளி ஒன்று

சிவப்புப் பெயிண்ட்டை நான்தான் அடித்தேன்,
கீழப்பொட்டல்பட்டி அடிகுழாயின் கழுத்தில்.
காயுமுன்னே ஒரு குடம் வந்து உட்கார்ந்தது.
"நல்லாத்தான் இருக்கு தாயி, பொட்டு வச்ச மாதிரி"
என்றபடியே அடித்து நிரப்பினாள் பின்னியக்காள்.

ஃபுளோரைடு என்றேன்.
ஒன்றரைக்கு மேல் ஆகாது என்றேன்.
பள்ளிப் பிள்ளைகள் சிரித்தபோது
பல்லில் ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினேன்.
"அது எங்க வம்சத்துப் பல்லு" என்றார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.
எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜீப் வந்ததாம்.
இறங்கியவர் குழாய்ப் பக்கம் போகவேயில்லை.
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து,
உசிலம்பட்டியில் வாங்கிவந்த தண்ணீரையே
சோதனைப் பாட்டிலில் ஊற்றி
இந்த ஊர்ப் பெயரை எழுதி ஒட்டினாராம்.
'குடிக்க உகந்தது' என்று காகிதம் வந்தது.
அதைக் காட்டித்தான்
கிழக்கே தென்னந்தோப்பில்
எழுநூறு அடி, எண்ணூறு அடி என்று பாறைக்குள் துளை இறங்கியது.
முத்திரை நிஜம். கையெழுத்து நிஜம்.
தண்ணீர்தான் வேறூர்த் தண்ணீர்.

என் பையிலும் இருந்தது அதே முத்திரை.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஆரப்பாளையத்தில் இறங்கி நடந்தே வந்துவிட்டார்கள்
ஆய்வகத்துக்கு, மூன்று பேர்.
மஞ்சள் பையில் மூன்று பாட்டில்,
மூடிக்கொன்றாய் நூலில் கட்டிய இலை:
வேம்பு, எருக்கு, புளி.
"எது எந்த ஊருன்னு கேக்காதீக.
ஒங்க மிஷினு சொல்லட்டும்."

கோபம் வந்தது. மறைக்கவில்லை.
பதினோரு வருஷம் இந்த மேசையில் நின்றவள்
பரீட்சை எழுதுவதா?
பிறகு குடுவைகளைக் கழுவினேன்,
வழக்கத்தைவிட இரண்டு தடவை கூட.

வேம்பு, இரண்டு புள்ளி நான்கு.
எருக்கும் அதே.
புளி, இரண்டு புள்ளி மூன்று.

திரும்பச் செய்தேன். மதியச் சோறு டப்பாவில் ஆறியது.
இந்தத் தடவை புளி ஏறி, வேம்பு இறங்கியிருந்தது.
"மூணும் ஒரே குழாய்த் தண்ணி" என்றேன்.
சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

லேத் பட்டறை ஒச்சப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
"ஒரே குழாயின்னா
அந்தப் புள்ளி ஒண்ணு எங்க போச்சு?"

தெரியாது என்றேன்.
கருவி கொஞ்சம் தள்ளாடும், என் கை கொஞ்சம் தள்ளாடும்.
எந்த எண் சரி என்று கேட்டால் தெரியாது.
எப்படித் தள்ளாடினாலும்
ஒன்றரைக்கு இறங்காது, அது தெரியும்.

பின்னியக்காள் இலைகளை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.
"ஜீப்புல வந்தவரு
தெரியாதுங்கிற வார்த்தையச் சொல்லவே இல்ல."

அக்டோபரில் கிராமசபை.
தோப்புக்காரரின் மைத்துனர் எழுந்தார்:
"அந்தம்மாவே தெரியாதுங்குது.
இதை நம்பியா தீர்மானம் போடுறது?"
ஒச்சப்பன் உட்கார்ந்தபடியே சொன்னான்:
"எங்க அளவுகோல்லயும் மயிரிழை முன்னபின்ன வரும்.
அதுக்காக எந்த வண்டிக்கும் போல்ட்டு மாட்டாமயா விட்டோம்?"

ஐந்நூறு அடிக்குக் கீழே இனித் துளை கூடாது.
கண்மாய் வரத்துக்காலை மறித்த வேலியை எடுக்க வேண்டும்.
கிளர்க் வாசித்தார்: ஃபுளோரைடு இரண்டு புள்ளி நான்கு.
"அந்தத் தள்ளாட்டத்தையும் எழுதுங்க" என்றாள் பின்னியக்காள்.
அந்தக் குறி கீபோர்டில் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.
பேனாவை வாங்கி ஓரத்தில் நானே எழுதினேன்:
கூட்டல் கழித்தல் புள்ளி ஒன்று.

வேலியை இன்னும் எடுக்கவில்லை.
தாலுகா ஆபீசில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது தீர்மானம்.
போன வாரம் போனபோது
அடிகுழாயில் அதே குடம்.
என்னைப் பார்த்ததும் கேட்காமலே சொன்னாள்:
"ஏனம் கழுவத்தான்."